மழை மேல் பழி போடும் முன் பிரிட்ஜைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, மழை பிடிச்சதுல இருந்து நெட் விட்டு விட்டு வருதுண்ணா." கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி எப்படியோ அப்படித்தான் இந்தக் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மழை வந்தால் கரன்ட் போகும், மரம் விழும், நெட் போகும், அதெல்லாம் நம் தலையெழுத்து என்று பழகிவிட்டோம். ஆனால் நான் போய்ப் பார்த்த பல இடங்களில் நெட்டைக் கெடுத்தது மழை இல்லை. மழைக்குப் பயந்து போட்டு வைத்த இரண்டாவது வழிதான்.

ஒரு டீ பேக்டரியை எடுத்துக்கொள்வோம். பேக்டரியில் இருந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபீசுக்குக் கம்பம் கம்பமாக ஃபைபர் போகிறது. குரங்கு தொங்கி அறுத்தாலோ மரம் சாய்ந்தாலோ கைகொடுக்கட்டும் என்று இரண்டு கூரையிலும் ஒரு ஜோடி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் மாட்டி, அதையும் அதே நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்களை ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கும் பெட்டி, பிரிட்ஜ் என்றும் சொல்வார்கள்) செருகியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இப்போது இரண்டு சுவிட்சுக்கு நடுவில் இரண்டு வழி, அதாவது ஒரு வட்டம். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். அந்தப் பாக்கெட்டைக் கேபிளில் சுமந்து போகும் உறையான ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது. வட்டத்துக்குள் நுழைந்த ஒரு பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் என்று அனுப்பிய ஃப்ரேம், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். இதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் கண்டுபிடித்ததுதான் ஸ்பேனிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. சுவிட்சுகள் தங்களுக்குள் சின்னச் சின்ன பிபிடியு செய்திகளை அனுப்பிக்கொண்டு, ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, மிச்சமாக இருக்கும் வழிகளை அடைத்து வைக்கும். அந்தத் தலைவருக்குத்தான் ரூட் என்று பெயர்.

சரி, போன் வந்ததும் முதலில் நோய் எது என்று பிரிக்க வேண்டும். இரண்டு வகை இருக்கிறது, வைத்தியம் வேறு வேறு. சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னுகிறது, பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, அட்மின் பக்கம்கூடத் திறக்கவில்லை என்றால் அது முழு லூப், அதாவது வட்டம் அடைபடாமல் கிடக்கிறது. அதுவே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ செத்து, யாரும் தொடாமலே எழுந்து வந்தால் ஸ்பேனிங் ட்ரீ வேலை செய்கிறது, ஆனால் அடிக்கடி மனசு மாறுகிறது என்று அர்த்தம். மழையில் விட்டு விட்டு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

முழு லூப்பாக இருந்தால் லேப்டாப்பைத் திறந்து நேரத்தை வீணாக்காதீர்கள், கேபிளைப் பிடுங்குங்கள். நடு சுவிட்சில் இருந்து மற்ற கட்டிடங்களுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடி நின்று விளக்குகளைப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ வட்டம் அந்தப் பக்கம்தான். அங்கே போய்ப் பார்த்தால் என்ன இருக்கும் என்று கிட்டத்தட்ட முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே குட்டி சுவிட்சில் இருக்கும், கீழே தொங்கியதே என்று கூட்டுகிறவர் அக்கறையாக எடுத்துச் செருகியிருப்பார். அல்லது ஐபி போனின் இரண்டு ஓட்டையும் சுவரில் போயிருக்கும். ஹோம்ஸ்டே என்றால் வைஃபை ரிப்பீட்டரைப் பாருங்கள். காற்றில் ஒரு தொடர்பு ஏற்கெனவே இருக்க, வேகம் வரட்டும் என்று யாரோ லேன் கேபிளையும் மாட்டியிருப்பார்கள். குன்னூரிலும் கொடைக்கானலிலும் வைஃபை "திடீர்னு மொத்தமா செத்துடுச்சு" என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

லினக்ஸ் பெட்டி ஒன்று பிரிட்ஜாக ஓடினால் அதன் கெர்னல் லாக் உங்களுக்கு உளவாளி. 'ரிசீவ்ட் பாக்கெட்' என்று தொடங்கி 'வித் ஓன் அட்ரஸ் ஆஸ் சோர்ஸ் அட்ரஸ்' என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தால், தான் அனுப்பியது தனக்கே திரும்பி வருகிறது என்று அது அலறுகிறது. லூப்தான், பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீ தானாக ஓடாது, நாம்தான் 'ஐபி லிங்க் செட் டெவ் பிஆர்0 டைப் பிரிட்ஜ் எஸ்டிபி_ஸ்டேட் 1' என்று போட்டு எழுப்ப வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டரில் புது பிரிட்ஜ் உருவாக்கினால் எஸ்டிபியின் வேகமான புது வடிவமான ஆர்எஸ்டிபி ஏற்கெனவே ஓடும். கடையில் வாங்கும் ஐந்து போர்ட் குட்டி சுவிட்சுக்கு இது எதுவுமே தெரியாது. சில பிபிடியுவை அப்படியே கடத்திவிடும், சில விழுங்கிவிடும். விழுங்குகிற வகையாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் லூப் மேலே இருக்கும் நல்ல சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது, லூப் டிடெக்ஷன் என்று தனியாக இருக்கும் வசதியை அந்த போர்ட்டில் போட்டால்தான் உண்டு.

இப்போது இரண்டாவது நோய்க்கு வருவோம், இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது. முதல் கேள்வி: ரூட் யார்? எல்லா சுவிட்சிலும் பிரையாரிட்டி (தேர்தலில் முதலில் பார்க்கும் எண், சிறியதுதான் ஜெயிக்கும்) 32768 என்றுதான் வரும், நீங்கள் மாற்றாவிட்டால் எதன் மேக் முகவரி (பெட்டியோடு வரும் அடையாள எண்) சிறியதோ அது ரூட். பழைய பெட்டிகளுக்குச் சிறிய மேக் இருப்பது சகஜம் என்பதால், மூலையில் கிடக்கும் தூசி படிந்த சிசிடிவி சுவிட்ச் தலைவராகி, மொத்த எஸ்டேட்டின் போக்குவரத்தும் அதைச் சுற்றிப் போகும். அந்த ரூமில் கரன்ட் போனால் தேர்தல் மறுபடியும் முதலில் இருந்து. லினக்ஸில் 'பிஆர்சிடிஎல் ஷோஎஸ்டிபி பிஆர்0' என்று அடித்து, பிரிட்ஜ் ஐடியும் டெசிக்னேட்டட் ரூட்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அந்தப் பெட்டிதான் ரூட். 8000 என்று ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், 32768-ஐ ஹெக்ஸில் எழுதினால் அதுதான். இன்டர்நெட் வந்து இறங்கும் இடத்தில், யுபிஎஸ்ஸில் இருக்கும் சுவிட்சுக்கு 4096 கொடுங்கள், அடுத்ததற்கு 8192. தலைவரை நீங்கள் வையுங்கள், மேக் முகவரியின் கையில் விடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: எந்த வழி அடைபட்டிருக்கிறது? நான் சொன்ன பேக்டரியில் ரேடியோதான் ஸ்பேர், எனவே அதுதான் அடைபட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். பார்த்தால் ஃபைபர் அடைபட்டிருக்கிறது! காரணம் இதுதான். ஸ்பேனிங் ட்ரீ வழியின் செலவைப் போர்ட்டின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. பழைய கணக்கில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுக்கு 19, ஒரு ஜிபிபிஎஸ்ஸுக்கு 4, குறைவுதான் ஜெயிக்கும். ஃபைபர் முனையில் இருந்தது ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் 100 எம்பிபிஎஸ் மீடியா கன்வெர்ட்டர். ரேடியோவின் லேன் போர்ட் ஜிகாபிட். காற்றில் அது எவ்வளவு தருகிறது என்பது சுவிட்சுக்குத் தெரியாது, மூன்று மீட்டர் கேபிளைப் பார்த்து அது ஜிகாபிட் என்று நம்பிவிட்டது. ஆக வெயில் காலம் முழுக்க எல்லாம் ரேடியோவில் ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. மழை வந்ததும் ஆட்டம் கண்டது. சொல்லப்போனால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளி பெரிய எதிரி இல்லை, வளர்ந்து குறுக்கே வந்த சில்வர் ஓக் கிளை நனைந்து காற்றில் ஆடுவதுதான் எதிரி.

அது ஆடும்போது ரேடியோவின் லேன் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், காற்றுப் பக்கம்தான் செத்திருக்கும். லிங்க் அறுந்தது சுவிட்சுக்குத் தெரியாது. பழைய ஸ்பேனிங் ட்ரீ என்றால் பிபிடியு வரவில்லையே என்று 20 விநாடி காத்திருந்து, பிறகு லிசனிங் 15, லேர்னிங் 15, ஆக 50 விநாடி கழித்துத்தான் ஃபைபரைத் திறக்கும். அதற்குள் ரேடியோ எழுந்துவிட்டால் மறுபடி அங்கே தாவல். எடை மேடையில் இலை மூட்டையோடு நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எல்லாம் எதற்கு, "மழைண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு எண்ணை மாற்றுவதுதான். ரேடியோ இருக்கும் போர்ட்டின் செலவை 100 என்று கையால் வையுங்கள். லினக்ஸில் 'பிரிட்ஜ் லிங்க் செட் டெவ் எத்2 காஸ்ட் 100'. உங்கள் சுவிட்ச் புதிய கணக்கில் இருந்தால், அதாவது ஜிகாபிட்டுக்கு 20000, 100 எம்பிபிஎஸுக்கு 200000 என்று காட்டினால், 2000000 போடுங்கள். ஒரு சுவிட்ச் பழைய கணக்கு, இன்னொன்று புதிய கணக்கு என்று கலந்து கிடந்தால் கூட்டல் எல்லாம் கோணலாகிவிடும், முதலில் அதைச் சரி செய்யுங்கள். ரூட்டுடைய சொந்த போர்ட்டின் செலவு கணக்கில் வராது, எதிர்ப்பக்கம் வைப்பதுதான் வேலை செய்யும். நான் இரண்டு பக்கமும் வைத்துவிடுவேன், நாளைக்கு ரூட் மாறினாலும் ஃபைபர்தான் முதல்.

அப்புறம் முடிந்த எல்லா இடத்திலும் ஆர்எஸ்டிபிக்கு மாறுங்கள். அது மூன்று ஹலோ (தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டிய பிபிடியு) தவறினாலே, அதாவது 6 விநாடியில், வழி போய்விட்டது என்று முடிவு செய்யும். நடுவில் ஒரே ஒரு பழைய எஸ்டிபி பெட்டி இருந்தாலும் அதை ஒட்டிய போர்ட் பழைய முறைக்கு இறங்கிவிடும். லினக்ஸ் கெர்னலில் இருப்பது பழைய எஸ்டிபி மட்டும்தான், ஆர்எஸ்டிபி வேண்டுமென்றால் எம்எஸ்டிபிடி என்ற புரோகிராம் தனியாக ஓட வேண்டும். கம்ப்யூட்டர், கேமரா, பிரின்டர் இருக்கும் போர்ட்களை எட்ஜ் (கடைசி முனை) என்று குறித்து, பிபிடியு வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் யாரோ ஒரு கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பும்போதெல்லாம் சுவிட்சுகள் கற்றுவைத்த மேக் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி தேடும்.

லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் புது போர்ட் 30 விநாடி சும்மா நிற்கும், அதற்குள் டிஹெச்சிபி ஐபி முகவரி கேட்டுச் சலித்துப்போய்விடும். லூப்புக்கே வழியில்லாத இடம் என்றால் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். பிரிட்ஜில் புது போர்ட் சேர்த்ததும் ஐபி மாறிவிட்டது என்றால், பிரிட்ஜ் தன் மேக்கை இருப்பதிலேயே சிறிய போர்ட் மேக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கும், நீங்களே ஒரு மேக்கை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். டாக்கர் போட்ட அன்றிலிருந்து பிரிட்ஜ் வழியாக எதுவும் போகவில்லை என்றால் ஸ்பேனிங் ட்ரீயைத் திட்டாதீர்கள், பிரிட்ஜ் வழியாகப் போவதையும் ஃபயர்வாலுக்கு அனுப்பும் பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறி ஃபயர்வால் குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்காமல் மலை இறங்க வேண்டாம். மழை இல்லாத மத்தியானம், இலை லாரி வருவதற்கு முன், ஆபீசில் இருந்து பேக்டரிக்கு விநாடிக்கு ஒன்றாகப் பிங் ஓடவிட்டு ஃபைபரைக் கழற்றுங்கள். கழற்றும்போது கன்வெர்ட்டரின் லேன் கேபிளைப் பிடுங்கினால் சுவிட்சுக்கு உடனே தெரிந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும். கண்ணாடி இழை இருக்கும் பக்கத்தைத்தான் கழற்ற வேண்டும். அந்தப் பேக்டரியில் முதல் தடவை எண்ணியபோது ஐம்பதுக்குப் பக்கத்தில் பிங் போனது, ஆர்எஸ்டிபி போட்டபின் ஏழு. மறுபடி செருகியபோது இரண்டுதான். சில்வர் ஓக் கிளையை வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.