மொய் மென்பொருளில் யாருக்கு எந்த வேலை

காரைக்குடிப் பக்கம் மொய் மேசையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் பணத்தை எண்ணி வாங்குவார். அந்த மொய் நோட்டுக்காக ஒரு கட்டற்ற மென்பொருள் செய்துவருகிறோம். நிரல் தெரிந்தவர்கள் நானும் இன்னொருவரும்தான். மற்ற ஐந்து பேருக்கும் நிரல் தெரியாது. வேலையைப் பிரிப்பதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஒரு வேலையில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். பொத்தானில் எழுத்துப்பிழை என்றால் யாரும் கண்டுபிடிப்பார்கள். ஆகவே மொழிபெயர்ப்பு, உதவிக் குறிப்பு எல்லாம் புதியவர்களுக்கு. வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி தெரிய வேண்டியதில்லை. வாக்கியத்துக்குள் சதவீதக் குறியோடு வரும் எழுத்தை அழிக்கக் கூடாது, பெயரும் தொகையும் வந்து உட்காரும் இடம் அது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பணத்தைச் சேமிக்கும் நிரல் அப்படியில்லை. ரூபாயை ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் வைத்தால் கூட்டலில் எங்கோ பைசா நழுவும், யார் கண்ணிலும் படாது. பைசாக் கணக்கில் முழு எண்ணாகவே வையுங்கள். அந்தக் கோப்பு நிரல் தெரிந்தவர் பொறுப்பு. நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் அவர் பெயரைப் போட்டு, அவர் ஒப்புதல் இல்லாமல் மாற்றத்தை இணைக்க முடியாதபடி முதன்மைக் கிளைக்கு, அதாவது நிரலின் முதன்மைப் பிரதிக்கு, பூட்டும் போடுங்கள்.

இத்தனைக்கும் எங்களுடைய பெரிய பிழையைப் பிடித்தவர் நிரல் தெரியாதவர்தான். முப்பது வருடம் மொய் எழுதிய பெரியவர். "தம்பி, பொன்னமராவதிக்காரங்க பாதிப் பேரைக் காணோமே" என்றார். தேடிப் பார்த்தேன், நிஜம்தான். 'பொ'வின் கொம்பும் காலும், எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டு கணினியில் இரண்டு விசைப்பலகை, வந்தது வினை. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி நிரலை மாற்றினோம். பழைய பதிவுகளையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றினோம். அது எங்கள் வேலை. எந்தெந்த ஊர்ப் பெயரைத் தேடிச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் பெரியவர் வேலை.

பதிவுப் படிவத்தில் நான் பெயரை முதலில் வைத்திருந்தேன். "ஊர், அப்பா பேரு, அப்புறம்தான் பேரு" என்று மாற்றச் சொன்னார். திருப்பிச் செய்யப் போகும்போது ஊரைத்தானே தேடுவோம்! இப்போது அந்தப் படிவத்துக்குக் கோட்ஓனர் அவர்தான். அதற்கு நிரல் முழுதும் இருக்கும் களஞ்சியத்தில் எழுதும் அனுமதியும் வேண்டும். கொடுத்தேன், பூட்டுதான் இருக்கிறதே.

என் கெட்ட பழக்கம் ஒன்று. சின்னப் பிழைகளை ராத்திரியோடு ராத்திரியாக நானே முடித்துவிடுவேன். கற்றுக்கொள்ள வந்த கல்லூரிப் பையனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, போய்விட்டான். இப்போது அவற்றில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்று சீட்டு ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறேன்.

முகூர்த்த நாளில் நான் நிரலைத் தொடுவதே இல்லை. மேசையில் பெரியவர் பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கும். கரண்ட் போகும் அல்லவா.