ஆங்கில நடைக் கையேட்டைப் பயன்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதுவோரும் பிறர் எழுதியதைச் செப்பனிடுவோரும் நடைக் கையேட்டை (ஸ்டைல் கைடு) இலக்கண நூலாக எண்ணிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. இலக்கணப்படி சரியாக உள்ள இரண்டு வழக்குகளில் எதைப் பின்பற்றுவது என்பதைத்தான் கையேடு பெரும்பாலும் முடிவுசெய்கிறது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் வெளியிடும் கையேட்டின் பொதுவிதிப்படி ஒன்பது வரையிலான எண்களைச் சொல்லாலும், 10 முதல் இலக்கத்தாலும் எழுத வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சிகாகோ கையேடோ பொதுவாக நூறு வரை சொல்லால் எழுதச் சொல்கிறது. இரண்டில் எதுவும் பிழையன்று. ஆகவே, வேறொரு வழக்கைப் பின்பற்றிய ஆசிரியரின் பிரதியில் 'பிழை' என்று ஓரக்குறிப்பு எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி. 'எங்கள் நடைக்கேற்ப மாற்றியுள்ளோம்' என்று எழுதினால் உண்மையும் நிற்கும், ஆசிரியரின் நம்பிக்கையும் குலையாது.

எந்தக் கையேடு என்பதை முதலிலேயே முடிவுசெய்யாமல், எண்களுக்கு ஒன்றையும் மேற்கோள்களுக்கு இன்னொன்றையும் நாடுவது அடுத்த குறை. செய்தி எழுத்துக்கு அசோசியேட்டட் பிரஸ், பொது நூல்களுக்குச் சிகாகோ, உளவியலுக்கும் பல சமூக அறிவியல் துறைகளுக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் வட்டம் உண்டு. பதிப்பையும் பார்க்க வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் 2011இல் 'ஈமெயில்' என்ற சொல்லின் நடுவிலிருந்த ஹைஃபனை நீக்கியது. 2019இல் இலக்கத்தை அடுத்து விழுக்காட்டுக் குறியை இட அனுமதித்தது. பழைய பதிப்பை மனப்பாடமாக வைத்திருப்பவர் இவ்விரண்டையும் இன்றும் 'திருத்திக்கொண்டிருப்பார்'.

இவற்றையெல்லாம் விடக் கேடு விளைவிப்பது, விதியை மட்டும் படித்துவிட்டு அதற்குக் கீழேயுள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் விடுவதுதான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் தொடர்பான ஒரு சட்டம், விரைவில் கெடும் உணவுப்பொருள் சார்ந்த சில பணிகளுக்கு அந்த ஊதியம் கிடையாது என்று சொல்லி, அப்பணிகளை வரிசையாகப் பட்டியலிட்டிருந்தது. பட்டியலின் இறுதியில் 'அனுப்புவதற்காகவோ விநியோகத்திற்காகவோ பொதிதல்' என்றும் படிக்கலாம், 'அனுப்புவதற்காகப் பொதிதல், விநியோகித்தல்' என்று இரண்டு பணிகளாகவும் படிக்கலாம். பொருளைப் பிரித்துக் காட்டும் காற்புள்ளி அங்கே இல்லை. பொதியாமல் விநியோகம் மட்டுமே செய்த பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குத் தொடுக்க, 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஐயப்பாட்டை ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தது. மறு ஆண்டு வழக்கு 50 லட்சம் டாலர் இணக்கத் தொகையில் முடிந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அம்மாநிலத்தின் சட்டவரைவுக் கையேடு, பட்டியலின் கடைசி உறுப்புக்கு முன் காற்புள்ளி வேண்டாம் என்றே சொல்லியிருந்தது, ஆனால் பட்டியலில் ஓர் உறுப்பு அடைமொழி பெற்று வரும்போது கவனமாக இருக்கும்படியும் அதே கையேடு அறிவுறுத்தியிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் கையேடும் இப்படித்தான்: எளிய பட்டியலில் அந்தக் காற்புள்ளியைத் தவிர்க்கச் சொன்னாலும், பொருள் மயங்கும் இடத்தில் இடச் சொல்கிறது. விதிவிலக்குகளும் விதியின் பகுதிகளே.

எழுத்துக்கூட்டலில் ஏற்படும் தவறுகள் பெரும்பாலும் கணினியின் 'அனைத்தையும் மாற்று' வசதியால் வருபவை. பிரிட்டனின் லேபர் கட்சி தன் பெயரில் 'யு' எழுத்தை வைத்திருக்கிறது, ஆஸ்திரேலியாவின் லேபர் கட்சியோ வைத்துக்கொள்வதில்லை. ஒரே சொடுக்கில் பிரதி முழுவதையும் மாற்றினால் இரண்டில் ஒரு கட்சியின் பெயர் கெடும். 'இஸட்' எழுத்தைக் கண்டாலே அமெரிக்க வழக்கு என்று முடிவுகட்டுவதும் தவறு. ஆக்ஸ்போர்டு பதிப்பக வழக்கு பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தும் 'ஆர்கனைஸ்' என்பதன் ஈறு ஒரு கிரேக்க விகுதியிலிருந்து வந்தது என்பதால் அதை 'இஸட்' இட்டே எழுதும். ஆனால் 'அனலைஸ்' என்பதன் ஈறு அந்தக் கிரேக்க விகுதி அன்று என்பதால் அங்கே 'எஸ்' எழுத்தையே வைத்திருக்கும். நேரடி மேற்கோள்களுக்குள்ளும் நூல் தலைப்புகளுக்குள்ளும் எழுத்துக்கூட்டலை நம் நடைக்கு மாற்றவே கூடாது.

எவ்வளவு பெரிய கையேடாக இருந்தாலும் ஒரு பிரதியில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அதில் விடை இராது. ஒரு துறைச்சொல்லுக்கு ஹைஃபன் உண்டா, ஒரு பதவிப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்குமா என்று முடிவெடுத்த கையோடு அதைப் பக்க எண்ணுடன் ஒரு தனித்தாளில் அகரவரிசையில் குறித்துக்கொள்ளாமல் விடுவது, சிறியதாகத் தெரிந்தாலும் அதிக வேலையைக் கூட்டும் தவறு. பதிப்புலகில் ஸ்டைல் ஷீட் என்று வழங்கும் அந்தத் தாள் பிரதியோடு மெய்ப்பு பார்ப்பவர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால், முன்னவர் யோசித்து விட்டுவைத்ததை அவர் பிழையெனக் கருதி மாற்றுவார். ஆசிரியரோ இரண்டாம் முறையும் அதே கேள்விக்கு விடை எழுத வேண்டியிருக்கும்.