குளோரின் ஒரு முறை 0, மறுமுறை 3: எந்த அளவை நம்புவது?

அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை சோதித்து இரண்டு விதமான அளவு வந்தால், உடனே குளோரின் வாளியைத் திறக்காதீர்கள். புதிதாக எதுவும் போடாத தண்ணீர் அதற்குள் அவ்வளவு மாறாது. பெரும்பாலும் பிழை சோதித்த விதத்தில்தான் இருக்கும்.

பம்ப் ஓடும்போது தண்ணீர் எடுங்கள். இன்லெட் (தண்ணீர் உள்ளே வரும் வாய்), ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் வாய்), குளோரின் மாத்திரை மிதவை இவற்றின் பக்கத்தில் எடுக்க வேண்டாம். பாட்டிலைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழத்துக்கு, அதாவது சுமார் 45 செ.மீ., இறக்கி அங்கே நிமிர்த்தி முழுக்க நிரப்பிக் குளக்கரையிலேயே சோதியுங்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே குளோரின் குறையும். பாட்டில் அரைகுறையாக நிரம்பிக் குலுங்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிவிடும். அவர்கள் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மிக அதிகமாக ஏமாற்றுவது, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி சோதனை காட்டும் பூஜ்யம். குளோரின் சுமார் 10 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டினால் அது இளஞ்சிவப்பு நிறத்தையே வெளுத்துவிடக்கூடும். சோதனைக் குழாயில் நிறம் இல்லாததைப் பார்த்து, குளோரினே இல்லை என்று மேலும் கொட்டுவார்கள், இது ஆபத்து. சொட்டோ மாத்திரையோ விழுந்த நொடியில் இளஞ்சிவப்பு தோன்றி மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து சோதித்து, வந்த அளவை 5-ஆல் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீரைக் கலக்காதீர்கள், அதிலும் குளோரின் இருக்கலாம். இப்படிக் கலந்த பிறகு நிறம் வந்தால் முதலில் கண்ட பூஜ்யம் பொய். அளவு இறங்கும்வரை குழந்தைகளைக் குளத்தில் விடவே கூடாது.

இதே அதிகக் குளோரின், பிஎச் அளக்கும் நிறக்காட்டியான பீனால் ரெட்டையும் கெடுக்கும். சிவப்புக்குப் பதிலாக ஊதா வரும், பிஎச் 8.2-க்கு மேல் போய்விட்டது என்று நினைத்து ஆசிட் ஊற்றத் தோன்றும். ஆகவே எப்போதும் குளோரினை முதலில் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் அன்றைய பிஎச் அளவை ஒதுக்கிவிடுங்கள்.

தனிக் குளோரின் (எதனுடனும் பிணையாதது) மொத்தக் குளோரினைவிட (தனியும் பிணைந்ததும் சேர்ந்தது) கூடுதலாகக் காட்டுகிறதா? அப்படி இருக்கவே முடியாது, சோதனை தவறு. தனிக் குளோரினை டிபிடி 1-ஆலும், மொத்தத்தை அதோடு டிபிடி 3 சேர்த்தும் அளப்பார்கள். டிபிடி 3-இல் பொட்டாசியம் அயோடைடு உண்டு. குழாயில் அது துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த டிபிடி 1 சோதனை பிணைந்த குளோரினையும் சேர்த்துக் காட்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். டிபிடி 1-இன் நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். நேரம் போகப்போக நிறம் கூடும்.

மஞ்சள் நிறம் தரும் பழைய கிட் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அதன் எண்ணை டிபிடி 1-உடன் ஒப்பிடாதீர்கள். போர் தண்ணீர் நிரப்பிய குளத்தில் குளோரின் போடுவதை நிறுத்திப் பல நாளாகியும் இளஞ்சிவப்பு வந்தால், தண்ணீரில் உள்ள மாங்கனீசைச் சந்தேகிக்கலாம்.

அல்கலினிட்டி, கடினத்தன்மை இரண்டும் சொட்டு எண்ணும் சோதனைகள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும், செங்குத்தாகப் பிடியுங்கள். நுனியில் நிலைமின்சாரம் ஏறினால் சொட்டு சிறுத்து எண்ணிக்கை கூடும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். பாசிக்காகச் செம்பு மருந்து போட்ட குளத்தில் கடினத்தன்மைச் சோதனை நீலமாகாமல் ஊதாவிலேயே நின்றுவிடும். அப்போது நிறக்காட்டியைப் போடும் முன்பே, சொட்டுச் சொட்டாக எண்ணி விடும் கரைசலில் இருந்து ஐந்தாறு சொட்டைக் குளத்து நீரில் விட்டு, அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

சோதனை மருந்துகளைப் பம்ப் அறையில் வைக்காதீர்கள். அங்குள்ள வெப்பமும் குளோரின் ஆவியும் அவற்றைக் கெடுக்கும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சோதனை ஸ்ட்ரிப் (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) டப்பாவில் ஈர விரலை விடக் கூடாது. நிறத்தை வெள்ளைப் பின்னணியில், பகல் வெளிச்சத்தில், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

போட்டோமீட்டர் (நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் அதற்கென விற்கும் மாத்திரையையே வாங்க வேண்டும். சீக்கிரம் கரையும் ரேபிட் வகை, கண்ணால் நிறம் ஒப்பிடும் கிட்டுக்கானது. குப்பியில் கைரேகையோ குமிழியோ இருந்தாலும் எண் மாறும். துடைத்துவிட்டு, மாத்திரை போடாத அதே தண்ணீரால் கருவியில் பூஜ்யம் வைத்த பிறகே அளவெடுங்கள்.