மாங்காய் விலையைக் கொண்டு ஊரின் பொருளாதாரத்தை ஆராய்வது எப்படி?

ஒரு வட்டாரம் ஏன் இப்படி இருக்கிறது என்ற பெரிய கேள்வியோடு களத்துக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் "மக்களின் மனப்பான்மை" என்று எழுதிவிட்டுத் திரும்புகிறார்கள். அதைவிட ஒரே ஒரு முடிவை எடுத்து ஆராய்வது பயன் தரும். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் தை, மாசியில் பூவைப் பார்த்தே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை வரை பொறுத்தால் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

முதலில், விலை என்ன என்பதற்கு முன்னால் பணம் எப்போது தேவைப்பட்டது என்று கேளுங்கள். நகைக்கடனின் தவணையும் மருந்தடிப்புச் செலவும் அறுவடைக்கு முன்பே வந்து நிற்கின்றன. காற்று, மழை, விலைச்சரிவு ஆகிய மூன்றையும் குத்தகைதாரர் தலையில் இறக்கிவைக்கும் ஏற்பாடே இந்தக் குத்தகை என்று புரிந்துகொண்டால், அவரை விவரமில்லாதவர் என்று எழுத மனம் வராது.

குத்தகைக்கு விடாதவரிடம் பழைய மண்டிச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மொத்த எடை, கழிவு (எடையில் குறைத்துக்கொள்வது), கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணத்தில் பிடித்தம் என்று ஒவ்வொரு வரியாகக் குறித்து, அந்தக் கழிவை யார், எந்த விதிப்படி முடிவு செய்தார்கள் என்று விசாரியுங்கள். பொருளாதாரம் முடிந்து, சந்தையை நடத்தும் விதிகளும் வழக்கங்களும் தொடங்கும் இடம் அந்த வரிதான்.

அடுத்து ஓர் ஒப்பீடு தேவை. தர்மபுரியில் அரசின் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறுமுன் விற்றாக வேண்டும் என்பதால் பட்டுக்கூடும் மாங்காயைப் போலவே காத்திருக்காத சரக்கு. ஆனால் அதற்கு விலை பலர் பார்க்க ஏலத்தில் தீர்கிறது, கூழுக்குப் போகும் பெங்களூரா (கிளிமூக்கு) ரக மாங்காய்க்கோ மாங்கூழ் தொழிற்சாலையின் வாசலில் வண்டி நிற்கும்போது தீர்கிறது. இரண்டும் விளைவிப்பவர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள், அரை நாள் அவரோடு பேசலாம்.

விதிகள் மாநில எல்லையோடு நிற்பதில்லை. 2025 ஜூனில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் கர்நாடகத்துப் பெங்களூராக் காய்கள் உள்ளே வரத் தடை விதித்தது; மாங்கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என ஆந்திர விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கவும் ஏற்பாடானது. அந்தப் பருவத்தில் நம் பக்கத்து விலை எப்படி நகர்ந்தது என்பதை நாள்வாரியாகச் சேகரியுங்கள்.

அவரவர் சொந்த விருப்பம் என்ற விளக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே கடன் நிலையில் இருக்கும் பக்கத்துத் தோப்புக்காரர் வேறு முடிவு எடுத்திருந்தால் மட்டுமே அது சொந்த விருப்பம் பற்றிய சான்றாகும். வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. குழுக் கடன் கையில் இருக்கும் வீடு குத்தகை பேசும் விதத்துக்கும் இல்லாத வீடு பேசும் விதத்துக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

புள்ளிவிவரத்தில் ஓர் எச்சரிக்கை: கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே 2001 கணக்கெடுப்பின் தர்மபுரி எண்களை 2011ஆம் ஆண்டு எண்களோடு நேரடியாக ஒப்பிடாமல், வட்டவாரியாகப் பிரித்த பின்னரே அட்டவணை போடுங்கள்.