கறுப்பின ஊர் வரலாற்றைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஊர் ஒன்றின் கறுப்பினக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கெனத் தனியாக எழுதப்பட்ட அடிமைக் கணக்கேடுகளில். உடைமையாளரின் பெயர் அங்கே தெளிவாக இருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவருக்கோ பொதுவாக வயது, பால், நிறம் மட்டுமே, பெயர் இருக்காது. 1860இல் "பெண், 24" என்ற வரியைப் பார்த்ததும், 1870 கணக்கெடுப்பில் 34 வயதுக்காரியாக வரும் கொள்ளுப்பாட்டியோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வயது ஒத்துப்போவது சான்றாகாது. அதிலும் அந்த வயதுகள் பெரும்பாலும் உத்தேசமானவை.

அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பெயர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுவதால், இன்று பார்க்கக் கிடைக்கும் கடைசிக் கணக்கெடுப்பு 1950. அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாக இறங்கலாம். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் சேதமாகி, பிறகு அழிக்கப்பட்டது. 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலத்துக்கு வரி ஏடுகள், திருமணப் பதிவுகள், நகர விலாசப் புத்தகங்கள் கைகொடுக்கும்.

விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி எஜமானரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பதும் தவறு. முந்தைய எஜமானரின் பெயரையோ, தாங்களே தேர்ந்த பெயரையோ கொண்டவர்கள் உண்டு. பெயரை விட்டு உறவைப் பிடியுங்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவேடுகளில் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், சிலசமயம் பழைய எஜமானர் பெயரும் இருக்கும். விடுதலை பெற்றவர்களுக்கு உதவிய அரசு அமைப்பான ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் ஆவணங்களில் வேலை ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் உண்டு. இரண்டையும் குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகத் தேடலாம்.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,79,000 பேர் பணியாற்றினர். பலர் அவர்களின் சேவைப் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான புதையல் ஓய்வூதியக் கோப்பு. அடிமைத் திருமணத்துக்குச் சட்டப் பதிவு இல்லாததால், கைம்பெண் தன் திருமணத்தைச் சாட்சிகள் வைத்தே நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், யார் மணமுடித்து வைத்தார், குழந்தைகள் எப்போது பிறந்தன என்று அக்கம்பக்கத்தாரும் படைத்தோழர்களும் வாக்குமூலம் தந்திருப்பார்கள். எஜமானர் பெயர் உறுதியானதும் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றத்தில் அவருடைய உயில், இறப்புக்குப் பிந்தைய சொத்துப்பட்டியல், விற்பனைப் பத்திரங்களைக் கேளுங்கள். கணக்கேட்டில் இல்லாத பெயர்கள் அங்கே விலையோடு எழுதப்பட்டிருக்கும். படிக்கவே நெஞ்சு கனக்கும். ஆனாலும் அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

இணைய அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை, அட்டவணை போட்டவர் வேறுமாதிரி படித்திருப்பார். முதற்பெயர், வயது, ஊர் கொண்டு தேடி, மூலப் பக்கத்தில் முன்னும் பின்னும் பத்து வீடுகளைப் பாருங்கள். பழைய முகவரியை இன்றைய வரைபடத்தில் அப்படியே பொருத்துவதும் ஆபத்து. சிகாகோவில் 1909இல் வீட்டு எண்கள் மாற்றப்பட்டன. அந்தந்த ஆண்டின் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

வெள்ளையர் நடத்திய நாளிதழை மட்டும் வைத்து எழுதினால் வரலாறு ஒருபக்கமாகிவிடும். 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் குடியிருப்பை வெள்ளையர் கும்பல் எரித்தபோது கறுப்பின இதழான டல்சா ஸ்டாரின் அச்சகமும் அழிந்தது. அந்தக் கும்பலைத் தூண்டியதாகச் சொல்லப்படும், வெள்ளையர் நாளிதழான டல்சா ட்ரிப்யூனின் செய்தியோ, மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே தொகுப்பிலிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. இப்படி உள்ளூர் இதழ்கள் இல்லாமல் போன இடங்களில், சிற்றூர்ச் செய்திகளையும் வெளியிட்ட சிகாகோ டிஃபெண்டர் போன்ற வெளியூர்க் கறுப்பின இதழ்களைத் தேடுங்கள்.

காப்பகத்தில் பேனா கூடாது, பென்சில்தான். படம் எடுக்கும்போது முதலில் பெட்டி எண்ணும் உறை எண்ணும் தெரியும் சீட்டை எடுத்துவிட்டு, தாள்களை வரிசை மாறாமல் எடுங்கள். இதைத் தவறவிட்டால், நூற்றுக்கணக்கான படங்களில் எது எங்கிருந்து வந்தது என்றே பிறகு சொல்ல முடியாது.

குடும்பமோ தேவாலயமோ தரும் சிறிய புகைப்படங்களை 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் சேர்த்தே செய்யுங்கள். பெயர்களும் ஸ்டுடியோ முத்திரையும் இருப்பது அங்கேதான். ஆவணத்திலுள்ள இழிசொற்களைப் பெயர்த்தெழுதும்போது மாற்றாதீர்கள். நீங்கள் வைக்கும் தலைப்பில் அவை வரக் கூடாது. வாய்மொழிப் பதிவுக்கு எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள்: எதை வெளியிடலாம், எதை நிறுத்திவைக்க வேண்டும் என்று சொன்னவரே குறிக்கட்டும். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்கும், இன்னொன்று உள்ளூர் நூலகத்துக்கும் போய்ச் சேரட்டும்.