நல்லூர் நூதனசாலையில் தொடங்கி ஒரு நாள்: எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது

நாவலர் வீதியில் இருக்கும் யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையைச் சுற்றிப் பார்க்க முக்கால் மணித்தியாலம் போதும். பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தபடி வெளியே வருகிறவர்கள் நிறையப் பேர். இடம் சின்னதுதான், விளக்கப் பலகைகளும் சுருக்கம். ஆனால் அங்கே இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் இந்தக் குடாநாட்டின் ஏதோ ஒரு நிலத்திலிருந்து பெயர்ந்து வந்தவை. அந்த நிலங்கள் அதிக தூரத்தில் இல்லை. காலமை பொருளைப் பார்த்து, பிறகு அது வந்த இடத்தைத் தேடிப் போனால் ஒரு நாள் நிறைந்துவிடும். கீழே உள்ள ஒழுங்கு வெயிலையும் கோயில் நடையையும் கணக்கில் எடுத்துப் போட்டது. மாற்றிப் போட்டால் எங்கோ ஓரிடத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை நூதனசாலை பூட்டு. மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு போகலாம். பெரிய வீதியில் நின்று பார்த்தால் கட்டடம் கண்ணில் படாது. நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால், வளவின் உள்ளே ஒதுங்கி இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் "மியூசியம்" என்று மட்டும் சொன்னால் வேறெங்காவது இறக்கிவிடக்கூடும். "நாவலர் மண்டபம்" என்று சொல்லுங்கள். பஸ் நிலையத்திலிருந்து வருபவர்களுக்கு ஓட்டோவும், போனில் வாகனம் பிடிக்கும் பிக்மீச் செயலியும் இருக்கின்றன. ஆனாலும் இந்த நாளுக்கு ஏற்ற வாகனம் சைக்கிள்தான். நிலம் தட்டை, ஏற்றம் இறக்கம் என்று ஒன்றும் கிடையாது. தங்கும் விடுதிகள் பலவற்றில் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போதே பிரேக்கையும் பூட்டையும் சரிபாருங்கள். நல்லூர்ச் சந்திகளில் மோட்டார் சைக்கிள்கள் எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்ல முடியாது.

நூதனசாலை வாசலில் துருவேறிய ஒல்லாந்தர் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும் கிடக்கும். திமிங்கிலத்தோடு படம் எடுத்துக்கொண்டு பீரங்கியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது கோட்டையிலிருந்து வந்தது, பின்னேரம் நீங்கள் அங்கே போகிறீர்கள். உள்ளே மூன்று பொருள்களுக்கு நேரம் ஒதுக்கலாம். ஒன்று, சுன்னாகத்துக்கு மேற்கே உள்ள கந்தரோடையில் கிடைத்த தலையில்லாத புத்தர் சிலை உடற்பகுதிகள். இரண்டு, கோட்டையில் இருந்த விக்ரோரியா மகாராணியின் சேதமடைந்த ஓவியம். மூன்று, ஏழு வாய் கொண்ட இசைக்குடம். புத்தர் சிலைகளை நேர் எதிரே நின்று பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று, சன்னல் வெளிச்சம் கல்லின் மேல் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள், சீவரம் என்ற துறவாடையின் மடிப்புக் கோடுகள் எழும்பி வரும். படம் எடுக்கலாமா என்று வாசலில் இருப்பவரிடம் முதலே கேட்டுவிடுவது நல்லது. அவரிடமே "இது எங்கே எடுத்தது?" என்றும் கேளுங்கள். பலகையில் இல்லாத விபரம் சில நேரம் அவர் வாயிலிருந்து வரும்.

ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிட்டால் கந்தசுவாமி கோயிலுக்கு நேரம் தாராளம். நூதனசாலையிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், இதில் விலக்கே கிடையாது. அரைக் காற்சட்டையோடு வராதீர்கள், வேட்டியோ நீளக் காற்சட்டையோ போதும். பெண்களுக்குச் சேலை, சுரிதார், நீளப் பாவாடை எதுவும் சரி. உள்ளே கமெராவையும் போனையும் வெளியே எடுக்கக்கூடாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா என்பது இந்தக் கோயிலின் பெயர்போன வழக்கம், சில்லறை கொண்டுபோங்கள். நேரத்திலும் இவர்கள் கண்டிப்பு. பூசைக்கு மணி சொன்னால் அந்த மணிதான், யாருக்காகவும் பிந்தாது. நண்பகல் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், பிறகு பின்னேரம்தான் திறக்கும். பகல் ஏறிய பிறகு வருபவர்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு: செருப்பில்லாமல் வெளிவீதியைக் கடக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தத் தரை சுடும் சூட்டில் பெரியவர்களும் துள்ளித்தான் நடப்பார்கள்.

மகோற்சவம் ஆடி, ஆவணியில் இருபத்தைந்து நாள் நடக்கும். இருபத்துநான்காம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். சைக்கிளைத் தொலைவில் உள்ள பாதுகாப்பு நிலையம் ஒன்றில் விட்டுவிட்டு நடக்க வேண்டும், துண்டைக் கவனமாக வைத்திருங்கள். கோயில்தான் நோக்கம் என்றால் அப்போது வாருங்கள். இந்தச் சுற்றுக்கு அந்த நாட்கள் ஒத்துவராது.

இனித்தான் பலர் தவறவிடும் பகுதி. இப்போது நிற்கும் கோயில் 1734 இல் இரகுநாத மாப்பாண முதலியார் கட்டியது, இடத்துக்குக் குருக்கள் வளவு என்று பெயர். யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் கோயில் நின்றது வேறிடத்தில், முத்திரைச் சந்திப் பக்கம். 1619 இல் போர்த்துக்கேயர் கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்து இராச்சியத்தை முடித்தார்கள். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா அந்தக் கோயிலை இடித்துத் தலைமை இடத்தையும் நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினான். ஆகவே நீங்கள் தேடுவது ஒரு தலைநகரத்தின் மிச்சத்தை. அதற்கு நல்ல வழிகாட்டி நான்கு கோயில்கள். இராசதானியின் நான்கு திசைக்கும் காவலாகச் சொல்லப்படுபவை அவை: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். நாலையும் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் பழைய நல்லூர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது காலுக்குத் தெரியும். எந்த வரைபடத்தையும் விட அது நன்றாக மனதில் நிற்கும். சுற்றும்போது வளவுப் பெயர்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பண்டாரமாளிகை, பண்டாரக்குளம், சங்கிலித்தோப்பு என்று அரண்மனை போன பிறகும் பெயர்கள் போகாமல் நிற்கின்றன.

நேரம் குறைவு என்றால் நாலையும் விட்டுவிட்டுப் பருத்தித்துறை வீதியால் நேரே முத்திரைச் சந்திக்கு மிதியுங்கள். குதிரையில் வாளோடு சங்கிலியன் சிலை நிற்கும். அதற்குக் கிட்ட உள்ள சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் நிலத்தில்தான் பழைய கோயில் இருந்தது என்பது ஊர் வழக்கு. சங்கிலித்தோப்பு வளைவு அதே வீதியோரத்தில். தனியாக நிற்கும் ஒரு வாசல், பின்னால் மாளிகை ஒன்றும் இல்லை. வேகமாகப் போனால் யாரோ வீட்டு மதில் என்று நினைத்துத் தாண்டிவிடுவீர்கள். இந்த வளைவின் காலம் பற்றி ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. மேலே உள்ள சுதைவேலைப்பாட்டில் ஐரோப்பியக் கை தெரிகிறது.

அந்தப் பக்கம் விசாரித்தால் யமுனா ஏரியைக் காட்டுவார்கள். ஏரி என்று பெயரே ஒழியக் கேணிதான், "ப" எழுத்தின் வடிவில் வெட்டியது. யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து ஊற்றியதால் இந்தப் பெயர் என்பது செவிவழிக் கதை. கதை கிடக்கட்டும், வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு மூலையில் நின்றால் முழுக் கேணியும் தெரியாது, நடந்து போய் மூன்று கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறே இல்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லின் கீழ் நிற்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் எல்லாம். மாரி முடிந்த கையோடு, தை மாசி மாதங்களில் வந்தால் நீர் உயர்ந்து நிற்கும். ஆடியில் வந்தால் பாசிதான் கூடத் தெரியும். படிகளில் இறங்காதீர்கள், வழுக்கும்.

மந்திரிமனை சட்டநாதர் கோயிலுக்குக் கிட்ட. திராவிடத் தூணும் ஐரோப்பிய வளைவும் கலந்த மரக்கூரை வீடு. கட்டடம் பலவீனம், ஒரு பகுதி இடிந்தும் இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பதோடு நிறுத்துங்கள். தடுப்புப் போட்டிருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

இவ்வளவும் முடியப் பன்னிரண்டரை ஆகும். இனி வெயிலில் அலைவது வீண். கோயிலடிக்குத் திரும்பி ரியோ என்ற கடையில் ஒரு ஐஸ்கிறீம் சாப்பிடலாம். நல்லூருக்கு வந்து அது சாப்பிடாமல் போனால் ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டிவரும். சோறு வேண்டும் என்றால் நகரத்துக்குள், பெரியகடைப் பக்கம் மலாயன் கபேக்குப் போங்கள். மரக்கறிச் சாப்பாடு, வாழையிலையில். கறிகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையை விரித்துக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் அந்தச் சந்தடியில் கேட்காது.

பிறகு பொது நூலகம். 1959 இல் திறந்த கட்டடம், வரைந்தவர் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1981 மே 31 இரவில் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் சரஸ்வதி இருக்கிறாள், அங்கே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். உள்ளே வாசிப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை, பார்வையாளருக்கென்று தனி நேரம் இருக்கும். வாசலில் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஒரு சுற்று வாருங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் உயர்ந்து நிற்பது இந்திய அரசின் உதவியில் கட்டிய பண்பாட்டு மையம், 2025 இலிருந்து திருவள்ளுவர் பெயரில். அரங்கில் அன்று கச்சேரியோ நாடகமோ இருக்கிறதா என்று அங்கேயே விசாரித்துவிடலாம், இரவுக்கு ஒரு வேலை கிடைக்கும்.

நாலு மணிக்குக் கோட்டை. நூலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நுழைவுச் சீட்டு உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தனிக் கட்டணம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தவர்கள் தமிழில் கதைத்தால் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத் தர்க்கப்படுவது வாசலில் அடிக்கடி காணும் காட்சி. இலங்கை அடையாள அட்டை இருந்தால் அதைக் கையில் கொண்டுபோங்கள். மூடும் நேரத்தையும் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். சூரியன் கடலேரிக்குள் இறங்கும் நேரமும் வெளியேறச் சொல்லி விசில் ஊதும் நேரமும் அநேகமாக ஒன்றாக வரும்.

போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலை வடிவில் திருத்திக் கட்டினார்கள். 1706 இல் எழுப்பிய அவர்களுடைய தேவாலயம் 1990 இல் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டபோது அழிந்து, இன்று கற்குவியல். வழக்கமாக எல்லோரும் மதிலின் மேல் ஏறிக் கடலைப் பார்ப்பார்கள். அதற்கு முதல் சாந்து பெயர்ந்த ஓரிடத்தில் மதிலுக்குக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோங்கள். கல்லில் தேன்கூடுபோல் சிறுசிறு அறைகளும், மூளை மடிப்புப்போல் வளையும் கோடுகளும், இடையிடையே சிப்பி ஓடும் தெரியும். முருகைக்கல் அது, பவளப்பாறைக் கல், கடலே கட்டிக் கொடுத்தது. விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். காலமை வாசலில் பார்த்த பீரங்கி நின்றது இந்த மதிலின் மேல்தான். மேலே கைப்பிடி இல்லை, நிழலும் இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று.

திரும்பும் வழியில் சந்தை. ஓலையில் பின்னிய சிறு பெட்டிக்குள் வரும் பனங்கட்டிக் குட்டான் வாங்குவதானால் குட்டானின் வாய்ப்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். கல்லுப்போல் இருக்க வேண்டும். கசிந்து ஒட்டினால் ஈரம் பிடித்தது, ஊருக்குப் போய்ச் சேர முன் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சி வெளிறிய நிறம் என்றால் சீனி சேர்த்திருக்கலாம், ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். பனங்கட்டிக்கு இனிப்புக்கு அடியில் ஒரு புகை மணம் இருக்கும், சீனிக்கு அது வராது. புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, உடைத்தால் சடக்கென்று முறிய வேண்டும்.

கந்தரோடையை அதே நாளில் திணிக்காதீர்கள். அடுத்த காலமை காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் சுன்னாகத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கே ஓட்டோ பிடித்துப் போங்கள். ஓட்டோவை நிற்கச் சொல்லுங்கள், திரும்பி வர வேறு வாகனம் கிடைப்பது கடினம். வேலியடைத்த சிறிய நிலம், அதற்குள் முருகைக்கல்லால் கட்டிய குட்டித் தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன, சில இடுப்பளவுக்குக் கூட இல்லை. நேற்றுக் கோட்டை மதிலில் பார்த்த அதே கல். நூதனசாலைச் சிலைகள் வந்தது இந்த ஊரிலிருந்துதான். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் இங்கே அகழ்ந்து, பௌத்தத்துக்கு முந்திய குடியிருப்பின் தடயங்களையும் கண்டார்கள். பலகையில் எழுதியிருப்பது கதையின் ஒரு பக்கம் மட்டும், தமிழ்ப் பௌத்தம் என்ற ஒன்று இருந்ததை அதில் தேடாதீர்கள். அரை மணித்தியாலத்தில் முடியும். பிறகு சுன்னாகத்துக்கு வந்து அதே வீதியால் வடக்கே போனால் கீரிமலை, நன்னீர்க் கேணியில் முழுக்குப் போடலாம். பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. மாற்றுடுப்பும் துவாயும் மறந்துவிட்டால் கரையில் நின்று மற்றவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.