டெக்சஸில் வீடு வாங்கியாச்சா? வெளியே கைவைக்கும் முன் எச்.ஓ.ஏ.வைக் கேளுங்கள்

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்று நம்மவர்கள் தனி வீடு வாங்கும் புதிய குடியிருப்புகளில் பெரும்பாலும் எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும். சேரலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. வீடு உங்கள் பேருக்கு வந்த அன்றே நீங்கள் உறுப்பினர். சந்தாவும் விதிகளும் கூடவே வந்துவிடும்.

நாங்கள் குடியேறிய முதல் கோடையில், குப்பைத் தொட்டியை உருட்டிப் போக வசதியாக வீட்டின் பக்கவாட்டில் சிமென்ட் பாதை போட்டோம். "பக்கத்து வீட்டிலும் இருக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள்" என்றார் வேலைக்கு வந்தவர். பதினைந்தே நாளில் சங்கத்திடமிருந்து புகைப்படத்தோடு கடிதம் வந்தது. மழைத் தண்ணீர் அடுத்த மனைக்குள் போகிறதாம். போட்ட செலவைவிட உடைத்து அள்ளிய செலவு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி வாங்கி, அடியில் வடிகால் குழாய் பதித்த பிறகுதான் போட்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன், அடுத்தவர் வீட்டைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். வேலிக்கு அடிக்கும் நிறம், பேட்டியோவுக்கு (வீட்டை ஒட்டிய திறந்தவெளித் தளம்) போடும் கூரை, ஷெட் எதுவானாலும் முதலில், வீட்டு வெளிப்புற மாற்றங்களுக்கு அனுமதி தரும் ஏ.சி.சி. என்ற சங்கக் குழுவுக்கு விண்ணப்பம் போடுங்கள். வீடு வாங்கும்போது கிடைத்த சர்வே படத்தின் நகலில் வேலை எங்கே வருகிறது என்று அளவோடு வரைந்து, பொருள், நிறம் எல்லாம் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் "சரி" என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். நகராட்சி பெர்மிட் தனி. அது கையில் இருந்தாலும் சங்கத்தின் அனுமதி வேண்டும். தோண்டும் வேலை என்றால் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். கேஸ், மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள்.

மறுத்துவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்கள் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. மறுப்பை அனுப்பிய 30 நாட்களுக்குள் நீங்கள் விசாரணை கேட்டால், சங்கத்தின் நிர்வாகக் குழு அதை நடத்தியாக வேண்டும். வாசலில் சாமி படமோ மாவிலைத் தோரணமோ கட்டுவதையும், பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர, தடுக்க முடியாது. அதற்கு மாநிலச் சட்டமே துணை.

அனுமதிக் கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது சங்கம் தரும் சான்றிதழில், அவர்களுக்குத் தெரிந்த விதிமீறல்களும் ஏறும்.